பனி அறியாத கரையில் பனிப்புயல்
மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஹூஸ்டன், கால்வெஸ்டன் நகரங்கள் வெப்பத்துக்கே பழகியவை என்பதால், 2021 பிப்ரவரியில் வடதுருவக் குளிர்காற்று டெக்சஸ் மாநிலத்தில் இறங்கியபோது, மின் நிலையங்களும் எரிவாயுக் கட்டமைப்பும் உறைந்து, பல லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது, உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரியும் தாழ்வெப்பநிலை. அதனினும் வேதனை தருவது, குளிர்காயும் முயற்சியே சிலரது உயிரைப் பறித்ததுதான்: மூடிய அறையில் கரியடுப்போ, கார் எஞ்சினோ, ஜெனரேட்டரோ இயங்கும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு என்பதால், உறங்குபவர் அதை உணர்வதேயில்லை. எனவே ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, குறைந்தது 20 அடி தள்ளி வைப்பதும், ஒரே அறையில் பல அடுக்கு ஆடைகளுடன் கூடியிருப்பதும் அவசியம். தலைவலியோ மயக்கமோ தோன்றினால், குளிரைப் பொருட்படுத்தாமல் உடனே திறந்தவெளிக்குச் செல்ல வேண்டும்.