பேயை விட்டார், சாமியைப் பிடித்தார்: இந்திரா சௌந்தர்ராஜன்

காஞ்சிபுரத்தில் இந்திரா சௌந்தர்ராஜனை இரண்டு விதமாக அறிந்தவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு அவர், தொலைக்காட்சியில் காஞ்சி மகா பெரியவரின் மகிமைகளைச் சொன்ன ஆன்மிகப் பேச்சாளர். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கோ, 'மர்மதேசம்' தொடரால் ராத்திரியில் கொல்லைப்புறம் போகவே பயப்பட வைத்தவர். இரண்டுக்கும் சரக்கு ஒன்றுதான்: ஊர் நம்பிக்கை.

யார் இவர்?

1958இல் சேலத்தில் பிறந்தார். இயற்பெயர் சௌந்தர்ராஜன், தாயின் பெயரான இந்திராவை முன்னால் சேர்த்துக்கொண்டார். மதுரையில் தனியார் நிறுவன வேலையில் இருந்துகொண்டே எழுதினார். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் பாக்கெட் நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காலம் அது. கொலை, போலீஸ், தடயம் என்று எல்லோரும் போன வழியில் போகாமல் இவர் சித்தர்கள், குலதெய்வம், மறுபிறவி பக்கம் திரும்பினார். 'என் பெயர் ரங்கநாயகி' நாவலுக்குத் தமிழக அரசின் பரிசு கிடைத்தது.

எப்படிப் பயமுறுத்தினார்?

தமிழ்ப் பேய்க்கதைக்கு இலக்கிய மதிப்பைத் தேடித் தந்தது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. இந்திரா சௌந்தர்ராஜனோ பேயை விட்டுவிட்டுச் சாமியைப் பிடித்தார். இவரது 'விட்டு விடு கருப்பா', இயக்குநர் பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில், 'மர்மதேசம்' தொடரின் ஒரு பகுதியாக 'விடாது கருப்பு' என்று சன் டிவியில் வந்தது. தப்பு செய்தவர்களைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. முடிச்சு அவிழும்போது, பிளவுபட்ட மனம் கொண்ட ஒருவரின் வேலை அது என்று தெரிகிறது. ஆனாலும் கருப்பு இல்லை என்று கதை அடித்துச் சொல்வதில்லை. பகுத்தறிவாளரும் பக்தரும் தத்தம் கட்சியே ஜெயித்ததாக எழுந்து போகலாம். இந்த இரட்டைக் கணக்குதான் அவர் பலம்.

அவர் வழியில் யார்?

கோயில் நகரங்களில் இந்த வகைக் கதைக்குக் கரு வற்றுவதில்லை. 2019இல் 48 நாள் தரிசனம் தந்துவிட்டு, அடுத்த 40 ஆண்டுகளுக்கு காஞ்சிபுரத்தின் அனந்தசரஸ் குளத்துக்குள் போன அத்திவரதர் சிலையை வைத்துக் காலச்சக்கரம் நரசிம்மா 'அத்திமலைத் தேவன்' நாவலை எழுதினார்.

2024 நவம்பர் 10 அன்று, 65 வயதில், இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். மூடநம்பிக்கையை வளர்த்தார் என்ற விமர்சனம் அவர்மீது உண்டு. 'விடாது கருப்பு'வை முடிவுவரை பார்த்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.