வீடும் விற்பனை வரியும்

சுண்ணாம்புக்கல் மலிந்த பூமியாதலால், டான்செம் என்னும் அரசாங்க ஆலையும் தனியார் ஆலைகள் பலவும் நெருங்கி நிற்கும் அரியலூர் மாவட்டத்திலே, ஆலையின் புகைபோக்கியைத் தம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பார்க்கக்கூடியவர்கூட, ஒரு மூட்டை சிமெண்டுக்குச் செலுத்தும் வரி விகிதத்தில் காஷ்மீரத்துக்காரரைவிட எள்ளளவும் சலுகை பெறுவதில்லை. 2017 ஜூலை 1 முதல் நூற்றுக்கு 28 ஆக இருந்த அந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. மூட்டையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலேயே வரி அடங்கியிருப்பதால், அவ்விலைக்கு மேல் 'ஜி.எஸ்.டி. தனி' என்று கேட்பவருக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை.

சிமெண்டு விஷயம் இவ்வளவு சுலபம். வீட்டு மராமத்து அப்படியன்று. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலம் மழையில் ஊதி வெயிலில் சுருங்குவதால், அஸ்திவாரம் போதாத வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக விரிசல் ஓடுவது சகஜம். அதைச் சரிசெய்ய ஆள் அழைக்கும் குடும்பஸ்தர், தாம் பேசும் பேச்சின் விதத்தைப் பொறுத்தே தம் வரி ஏறுவதோ இறங்குவதோ நிச்சயமாகிறது என்பதைப் பெரும்பாலும் அறியார். இந்தச் சிக்கல் இன்று நேற்று முளைத்ததுமன்று. ராஜாஜி மந்திரிசபைக் காலத்தில், மதுவிலக்கினால் இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் பொருட்டு, 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. கட்டடம் கட்டித் தருகிறவர் செலவிடும் செங்கல்லும் சுண்ணாம்பும் 'விற்பனை' ஆகுமா என்று பின்னர் எழுந்த வழக்கில், கானன் டங்கர்லி கம்பெனிக்குச் சாதகமாக, பிரிக்க முடியாத கட்டட ஒப்பந்தத்தில் சரக்கு விற்பனை இல்லை என 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1982ஆம் வருஷத்து 46ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபிறகே அந்தச் சரக்கின்மீது ராஜ்யங்கள் வரி விதிக்க முடிந்தது. இப்போதைய சட்டமோ, சரக்கும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்தை ஒரு சேவையாகவே பாவித்து, முழுத் தொகைக்கும் நூற்றுக்கு 18 கேட்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். சாமான் 60,000 ரூபாய், கூலி 40,000 ரூபாய் என்று கொள்வோம். பதிவு பெற்ற காண்ட்ராக்டரிடம் மொத்தமாக ஒப்படைத்தால் வரி 18,000 ரூபாய். 18 சதவீதத்துக்கு உட்பட்ட அதே சாமானை வீட்டுக்காரரே கடையில் வாங்கி, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள் கூலி கொடுத்தால், சாமானுக்குரிய 10,800 ரூபாயோடு வரி முடிந்துவிடுகிறது. 7,200 ரூபாய் மிச்சந்தான். ஆனால் அந்த மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. நம் மேற்பார்வையில் நாள் கூலிக்கு வேலை செய்தவர் பூசிய சுவர் மறு மழையிலேயே உதிர்ந்தால், அந்த வேலை தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தமாகக் கருதப்பட்டு, நம் புகார் நுகர்வோர் ஆணையத்தின் வாசலிலேயே தடைப்படக்கூடும். பில் கொடுத்த காண்ட்ராக்டரின் குறையான வேலைக்கோ அங்கே தாராளமாக வழக்குப் போடலாம். சின்ன விரிசலுக்கு நாள் கூலியும், கூரையை மாற்றுவது போன்ற பெரிய காரியத்துக்கு வரியோடு கூடிய பில்லும் உசிதம் என்பது என் அபிப்பிராயம். தனி வீட்டைப் புதிதாகக் கட்டக் கூலி மட்டும் பேசும் ஒப்பந்தத்துக்கு வரி விலக்கு உண்டு. அந்தச் சலுகை பழைய வீட்டின் சாதாரண மராமத்துக்கு இல்லை.

வரி கேட்பவர் எல்லோருக்கும் அதை வசூலிக்கும் அதிகாரம் இருப்பதாக எண்ணிவிடலாகாது. சேவை மட்டும் செய்பவரின் வருஷ வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை அவர் பதிவு செய்ய வேண்டியதில்லை; பதிவில்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. இணக்க வரித் (காம்போசிஷன்) திட்டத்தில் சேர்ந்த வியாபாரியும் நம்மிடம் வரி என்று தனியாக வாங்கக்கூடாது. அப்படி வாங்கக்கூடாதவர் என்பதை அவருடைய பில்லிலேயே குறித்திருக்க வேண்டும். ஆகவே துண்டுச் சீட்டில் '18% சேர்த்து' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தால், அதில் பதினைந்து எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும்; அதையடுத்த பத்து எழுத்துகள் உடையவரின் பான் எண். ஜி.எஸ்.டி. வலைத்தளத்தில் அந்த எண்ணை இட்டால், அது யார் பெயரில் உள்ளது, உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதை எவரும் பணம் செலவின்றி அறியலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒரு மயக்கம் பரவியிருக்கிறது. தனிநபர் ஆயுள் பாலிசிக்கும் மருத்துவப் பாலிசிக்கும் பிரீமியத்தின்மீது இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் அடியோடு நீங்கியது உண்மை. புயல், வெள்ளம், தீ ஆகியவற்றுக்காக வீட்டின்மீது எடுக்கும் பாலிசிக்கும், கம்பெனி மூலம் சேரும் குழுப் பாலிசிக்கும் அந்த விலக்கு வரவில்லை.

இனி நிலம். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அடுக்குமாடி வீட்டைவிட மனை வாங்குகிறவர்களே மிகுதி. நில விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சமப்படுத்தி, வடிகாலும் மின்கம்பியும் போட்டு விற்கும் மனைக்கும் கிடையாதென்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. மனை விலையோடு ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்டால், எந்தச் சேவைக்கு என்று எழுத்தில் கேட்பது நியாயம். மனைக்கு உரியது பத்திரப் பதிவுச் செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. மதிப்பு பத்து லட்சத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒன்று குறையும். எட்டு லட்ச ரூபாய் மனையில் 72,000 ரூபாய் 64,000 ஆகும். திருச்சியிலோ சென்னையிலோ கட்டிக்கொண்டிருக்கும் அடுக்கு வீட்டை வாங்குவோருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 45 லட்சத்துக்கு மேற்படாமல், சட்டம் குறிக்கும் பரப்புக்குள் அடங்கினால் 1. பணி நிறைவுச் சான்று வந்தபின்பே முழுத் தொகையையும் கொடுத்து வாங்கினால் ஒன்றுமில்லை.

ஏமாற்றத்துக்கு நிவர்த்தி என்ன? வரிக் குறைப்பின் பலனைத் தராத கடைக்காரரைப் பற்றி 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். வேலைக் குறைபாட்டுக்கு, கொடுத்த தொகை 50 லட்சம் வரை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்; 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி முப்பது நாளில் திருப்தியான பதில் தராவிடில், கட்டணமின்றிச் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனுக்கு எழுதலாம்.

பலரும் அறியாத வழி இன்னொன்று உண்டு. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் ஒப்பந்தமோ நீண்டகாலப் பாலிசியோ பாதியில் ரத்தாகி, விற்றவர் அசலைத் தந்துவிட்டு வரியை மட்டும் 'அரசாங்கத்துக்குப் போய்விட்டது' என்று கைவிரித்தால், அவர் வரிக் கணக்கைத் திருத்தும் கெடுவும் கடந்திருக்குமானால், 2022 டிசம்பர் 27 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, வாங்கியவரே பான் எண்ணைக் கொண்டு தற்காலிகப் பதிவு பெற்று அந்த வரியை அரசாங்கத்திடமிருந்து நேரே திரும்பக் கோரலாம். விற்றவர் ரத்துக் கடிதம் வழங்கிய தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, ரத்துக் கடிதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த தொகையை இந்த வழியில் கோர முடியாது.