ஒரு கட்டிலுக்கு எத்தனை சதுர மீட்டர்? குதைபியாவிலிருந்து ஒரு வேலைக் கணக்கு

பஹ்ரைனின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 15,01,635 பேரைப் பதிவு செய்தது. குடிமக்கள் 7,12,362 பேர்; வெளிநாட்டவர் 7,89,273 பேர். விழுக்காட்டில் 47.4, 52.6. அரசின் வீட்டுவசதித் திட்டம் முதல் பகுதியினருக்கு உரியது. இரண்டாம் பகுதியினர் வாடகைக்கும், கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் பெட் ஸ்பேஸுக்கும், முதலாளி தரும் விடுதிக்கும் விடப்பட்டவர்கள். தலைநகர் மனாமாவின் குதைபியாவில் தமிழர் உட்பட இந்தியர் பலர் குடியிருப்பது இப்படிப்பட்ட கட்டடங்களில்தான். பட்டம் முடித்ததும் சமூக வீட்டுவசதித் துறையில் வேலை தேட எண்ணும் இளைஞர்கள், வேலை விளம்பரங்களுக்கு முன் இந்த இரண்டு விழுக்காடுகளைப் படிக்க வேண்டும்.

இந்த விகிதம் அரை நூற்றாண்டில் உருவானது. 1971இல் நாட்டின் மக்கள்தொகை 2,16,078. வெளிநாட்டவர் 37,885 பேர், அதாவது 17.5 விழுக்காடு. 1981இல் 32.0, 1991இல் 36.4, 2001இல் 37.6, 2010இல் 54.0 விழுக்காடு. 1971 முதல் 2020 வரை குடிமக்கள் எண்ணிக்கை 4 மடங்கானது. வெளிநாட்டவர் எண்ணிக்கை ஏறத்தாழ 21 மடங்கானது.

குடிமக்களின் 4 மடங்குக்கு அரசு திட்டமிட்டது. ஈசா டவுன் 1968இலும் ஹமத் டவுன் 1984இலும் எழுந்தன. வீட்டுக்கடனுக்கென எஸ்கான் வங்கி 1979இல் தொடங்கப்பட்டது. குறைந்த வருவாய் உள்ள குடிமக்களுக்கு வீடு தர அரசு முயலும் என்று 2002 அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. 2013இல் 40,000 வீடுகள் கட்ட ஆணை பிறந்தது. 2020இன் குடிமக்கள் தொகையோடு ஒப்பிட்டால், இது 18 பேருக்கு ஒரு வீடு. முன்பே கட்டிய நகரங்களோடு கூடுதலாக வரும் வீடுகள் இவை என்பதால் சிறிய அளவல்ல. குதைபியாவின் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிக்கும் இந்தியன் ஸ்கூலின் வளாகம் ஈசா டவுனில்தான் இருக்கிறது. அரசு திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு நகரம் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் பள்ளிப் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார்கள்.

வெளிநாட்டவரின் 21 மடங்குக்கு ஈடான திட்டம் இல்லை. 2001க்கும் 2010க்கும் இடையே வெளிநாட்டவர் தொகை 2,44,937இலிருந்து 6,66,172 ஆனது. 9 ஆண்டில் கூடியது 4,21,235 பேர். ஆண்டுக்கு 46,804, நாளுக்கு 128 பேர். ஓர் அறைக்கு 12 பேர் என்று நெருக்கி வைத்தாலும், நாள் தவறாமல் 11 புதிய அறைகள் தேவைப்பட்டிருக்கும். அதே 9 ஆண்டில் குடிமக்கள் தொகை 40 விழுக்காடு கூடியது. வெளிநாட்டவர் தொகை 172 விழுக்காடு கூடியது. வந்தவர்களில் பெரும்பகுதியினரை ஏற்கெனவே இருந்த கட்டடங்களும் தொழிலாளர் முகாம்களுமே உள்வாங்கின என்று கொள்வதில் பிழை இருக்காது.

அந்த 9 ஆண்டின் நடுவில், 2006 ஜூலை 30 அன்று, குதைபியாவில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 16 இந்தியர் இறந்தனர். அவர்களில் தமிழ்நாட்டவர் இருந்தனர். 2012 மே மாதம் ரிஃபாவில் 10 பேர், 2013 ஜனவரி 11 அன்று மனாமாவில் 13 பேர். ஏழு ஆண்டுக்குள் மூன்று தீவிபத்துகளில் 39 உயிர்கள் போயின. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில், ஏறத்தாழ 195 பேர் தங்கிய ஒரே கட்டடத்தில் 50 பேர் இறந்தனர்; நால்வரில் ஒருவர் என்ற விகிதம். இந்திய விமானப்படை விமானம் தாயகம் கொண்டுவந்த 45 உடல்களில் 7 தமிழ்நாட்டவருடையவை. தீ பற்றும் காரணம் இடத்துக்கு இடம் வேறுபடலாம். ஒரு கூரைக்குக் கீழ் எத்தனை பேர், ஒரு படிக்கட்டுக்கு எத்தனை பேர் என்ற கணக்கே சாவின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

நெரிசலுக்குச் சட்டம் வைக்கும் அளவு நாட்டுக்கு நாடு வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி, தொழிலாளர் விடுதியில் தலைக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர். சிங்கப்பூர் 2021இல் அறிவித்த புதிய விடுதித் தரம் 4.2 சதுர மீட்டர். இது அமீரக அளவைவிட 40 விழுக்காடு கூடுதல். இந்தியாவில் 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நலிந்த பிரிவினருக்கு அனுமதித்த உட்பரப்பு 30 சதுர மீட்டர், ஏறத்தாழ 323 சதுர அடி. நால்வர் குடும்பமானால் தலைக்கு 7.5 சதுர மீட்டர். குடும்ப வீட்டில் சமையலறையும் குளியலறையும் சேர்ந்திருப்பதால் ஒப்பீடு முழுப் பொருத்தம் உடையதல்ல. ஆயினும் இந்திய ஏழை வீட்டின் அளவை 100 என வைத்தால், சிங்கப்பூர் விடுதிக் கட்டில் 56, அமீரகத்தின் குறைந்த அளவு 40.

சிங்கப்பூர் தன் அளவை உயர்த்தியதற்குக் காரணம் 47 என்ற விழுக்காடு. 2020இல் அங்கே விடுதிகளில் தங்கியிருந்த தொழிலாளர் ஏறத்தாழ 3,23,000 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் கொரோனா தொற்றியவர் ஏறத்தாழ 1,52,000 பேர். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அந்தக் கட்டில்களில் இருந்தார்கள். அதன் பின் வந்த தரத்தில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது; கழிப்பறைகள் 15 கட்டிலுக்கு ஒன்று என்பதிலிருந்து 6 கட்டிலுக்கு ஒன்று என்றாயின. 1960 முதல் பொதுவீடு கட்டி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேலானோரைக் குடிவைத்த நாடு அது. அங்கும் வெளிநாட்டுத் தொழிலாளியின் கட்டில் பொதுவீட்டுக் கணக்குக்கு வெளியேதான் இருந்தது. ஒருவர் எந்தப் பட்டியலில் எண்ணப்படுகிறார் என்பதே அவருக்குக் கிடைக்கும் பரப்பைத் தீர்மானிக்கிறது.

தாயகத்தின் கணக்கிலும் பெரிய தலைப்பு நெரிசல்தான். 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.878 கோடி. அதில் இடநெருக்கடியில் வாழும் குடும்பங்கள் 1.499 கோடி, ஏறத்தாழ 80 விழுக்காடு. பழுதடைந்த வீட்டில் இருப்போர் 22.7 லட்சம், உறுதியற்ற கச்சா வீட்டில் இருப்போர் 9.9 லட்சம், வீடே இல்லாதோர் 5.3 லட்சம். தமிழ்நாட்டின் பங்கு 12.5 லட்சம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சியின் 46.47 லட்சம் பேரில் குடிசைப்பகுதியில் வாழ்ந்தவர் 13.42 லட்சம், 28.9 விழுக்காடு. இந்த எண்களைப் பார்த்தால், வேலையின் பெரும்பங்கு புது நிலத்தில் புதுக் கட்டடம் எழுப்புவதல்ல. இருக்கும் குடியிருப்பில் தலைக்குரிய பரப்பைக் கூட்டுவது.

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பின் அனுபவம் இன்னொரு எண்ணைத் தருகிறது. கண்ணகி நகரில் 15,656 குடியிருப்புகள், செம்மஞ்சேரியில் 6,764. இரண்டும் சேர்ந்து 22,420. பெரும்பாக்கத்தில் மேலும் 20,000க்கு மேல். நகர மையத்திலிருந்து இவற்றின் தொலைவு சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர். 25 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் 25 நாள் பழைய வேலைக்கே போய்வருபவர் கடக்கும் தூரம் 1,250 கிலோமீட்டர். வீட்டின் எண்ணிக்கையை மட்டும் எழுதும் பேரேட்டில் இந்தத் தூரத்துக்குப் பத்தி இல்லை. அந்தப் பத்தியைச் சேர்க்கத் தெரிந்தவர்கள் இத்துறைக்குத் தேவை.

தொழிலாளர் விடுதிக்குத் தமிழ்நாட்டில் அண்மைய எடுத்துக்காட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்தின் வல்லம் வடகாலில் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய மகளிர் குடியிருப்பு. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கட்டில்கள் 18,720, செலவு 706.50 கோடி ரூபாய். ஒரு கட்டிலுக்கு ஏறத்தாழ 3.77 லட்சம் ரூபாய். 30 ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 1,048 ரூபாய். 1 தினார் 225 ரூபாய் என்று கொண்டால் 4.66 தினார். வட்டி, பராமரிப்பு, மின்சாரம் சேராத தொகை இது. அவை சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்காகலாம். குதைபியாவில் பெட் ஸ்பேஸுக்கு மாதந்தோறும் பணம் கட்டும் வாசகர், தன் வாடகையை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

வேலைக்கு வருபவருக்கு வருமானக் கணக்கும் வேண்டும். தமிழ்நாடு அரசின் உதவிப் பொறியாளருக்கு ஊதிய நிலை 20இல் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 37,700 ரூபாய், மேற்கண்ட மாற்று வீதத்தில் 168 தினார். சென்னையில் செலவு 12,000 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 25,700 ரூபாய், 114 தினார். குதைபியாவில் அறைக்கு 30, சாப்பாட்டுக்கு 45, போக்குவரத்துக்கு 15 என 90 தினார் செலவானால், அதே மிச்சத்துக்குச் சம்பளம் 204 தினார் வேண்டும். 300 தினார் தரும் ஒப்பந்த நிறுவன வேலை கிடைத்தால் மிச்சம் 210 தினார், 47,250 ரூபாய். மாத வித்தியாசம் 21,550 ரூபாய், 5 ஆண்டில் 12.93 லட்சம். செலவுகளும் வளைகுடாச் சம்பளமும் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. அவரவர் தொகையை இட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால் இடைவெளி குறையும். வளைகுடாச் சம்பளம் பெரிது என்பது பல இடங்களில் உண்மை. 204க்குக் கீழே அது உண்மையல்ல.

படிப்புக்கான ஆண்டுகளும் செலவுப் பத்தியில் வரும். பொறியியல் பட்டம் 4 ஆண்டு, கட்டடக்கலைப் பட்டம் 5 ஆண்டு, நகரத் திட்டமிடல் முதுகலை மேலும் 2 ஆண்டு, சமூகப்பணி முதுகலை 2 ஆண்டு. வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பணி சிமென்டோடு முடிவதில்லை. பயனாளிக் கணக்கெடுப்பு, ஒதுக்கீடு, குடியிருப்போர் சங்கம், பராமரிப்பு எனத் தொடரும். அதற்கென வாரியத்தில் சமுதாய வளர்ச்சிப் பிரிவு உண்டு. ஒரு கட்டடத்தைக் கட்ட 2 அல்லது 3 ஆண்டு. அதில் மக்கள் வாழ்வது 40 அல்லது 50 ஆண்டு. காலத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் உரியது. பொறியாளர் அல்லாத பட்டதாரிக்கு இத்துறையில் இடம் உண்டு என்பதற்கு இந்த விழுக்காடு போதும்.

23 வயதில் சேர்ந்து 60இல் ஓய்வு பெறுபவருக்குப் பணிக்காலம் 37 ஆண்டு. ஆண்டுக்கு 100 வீடுகள் அவர் பொறுப்பில் முடிந்தால் மொத்தம் 3,700 வீடுகள். வீட்டுக்கு நால்வர் என்றால் 14,800 பேர். 12.5 லட்சம் என்ற தமிழ்நாட்டுப் பற்றாக்குறையில் 3,700 என்பது 0.3 விழுக்காடு. பற்றாக்குறை வளராமல் நின்றாலும் அதைத் தீர்க்க இப்படிப்பட்ட 338 முழுப் பணிக்காலங்கள் வேண்டும். ஆள் தேவை எவ்வளவு என்பதற்கும், ஒருவரின் உழைப்பு எத்தனை பேரைச் சென்றடையும் என்பதற்கும் விடை இதே வகுத்தலில் இருக்கிறது.

ஆகவே, எந்த நாட்டில், எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், இளைஞர்கள் திட்ட அறிக்கையில் நான்கு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். தலைக்கு எத்தனை சதுர மீட்டர். வேலையிடத்துக்கு எத்தனை கிலோமீட்டர். ஒரு கட்டிலுக்கோ வீட்டுக்கோ 30 ஆண்டில் மொத்தச் செலவு எவ்வளவு. பட்டியலில் சேர்க்கப்படாதவர் எத்தனை பேர். முதல் மூன்றும் பெரும்பாலும் எங்கோ எழுதப்பட்டிருக்கும். நான்காவதை எழுதச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. பஹ்ரைனில் 2020இல் அந்த எண் 7,89,273. அதைப் பேரேட்டில் ஏற்றுவதையே வாழ்நாள் பணியாக ஏற்க முன்வருபவருக்கு, இத்துறையைவிடப் பயனுள்ள துறை எளிதில் கிடைக்காது.