துப்பாக்கி தோளை உதைக்கிறதா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் காட்டுப்பன்றிகளை வெடிச் சத்தத்தால் விரட்ட, உரிமத்துடன் 12 போர் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. வெடித்ததும் கட்டை தோளை உதைக்கும். வலிக்குப் பயந்து உடல் கூசினால், குழல் திசை மாறி, வரப்பில் நிற்பவருக்கு ஆபத்து நேரலாம்.

தோட்டாவிலுள்ள சுமார் 32 கிராம் ஈய ரவை முன்னே பாயும்போது, அதே விசை துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. எடை குறைந்த துப்பாக்கி அதிகமாக உதைக்கும்.

கட்டையின் அடியில் 1 அங்குல ரப்பர் மெத்தை பொருத்தினால் உதைப்பு தணியும். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையில் பட வேண்டும். நீளம் மிஞ்சினால் மெத்தையின் கனத்துக்குக் கட்டையை அறுக்கலாம். கடலோர உப்புக்காற்றில் இரும்புத் திருகு துருப்பிடிக்கும். பித்தளைத் திருகு நல்லது. சுடும்போது கட்டையைத் தோள் குழியில் இறுக்கிப் பிடிப்பது அவசியம்.

தோட்டாவை அகற்றிய பின், உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றிக் குழலைக் குறைப்பது குற்றம். துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.