ஞானப்பல்லும் அதன் சிகிச்சையும்

17 வயதிற்கும் 25 வயதிற்கும் இடையே, கல்லூரியிற் பயிலும் பருவத்திலேதான், கடைசிக் கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் முளைக்கின்றன. அறிவு முதிருங் காலத்தில் தோன்றுதலின் இவற்றை ஞானப்பற்கள் என்பர். தாடையில் இடம் போதாதவிடத்து இவை நேரே எழாமல், முன்னுள்ள பல்லின்மேற் சாய்ந்தும் எலும்பினுட் படுத்தும் புதைந்து நின்றுவிடுகின்றன.

பாதி வெளிப்பட்ட பல்லை மூடிய ஈறுச் சதையினடியில் உணவு தங்கிச் சீழ் பிடிக்கும், கன்னம் வீங்கும், வாய் திறத்தலும் அரிதாகும். மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து பயில்வோர் சிலர், கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு, பரீக்ஷை முடியட்டும் என்று நாட் கடத்துவதை யாம் கண்டுள்ளோம். கிராம்பு நோவைத் தணிக்குமேயன்றிக் காரணத்தை நீக்காது. காய்ச்சலும் விழுங்குதற்கு இடையூறும் சேருமாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பொழுது சிறிதும் தாமதித்தல் கூடாது.

எனினும், புதைந்த பல் யாவும் களையத்தக்கன அல்ல. துன்பஞ் செய்யாத பல்லை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடும் வழக்கத்தை நிறுத்துமாறு, இங்கிலாந்தில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் என்னும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிற் கூறியது. மீண்டும் மீண்டும் வீங்குதல், அப்பல்லோ அண்டைப்பல்லோ சொத்தையாதல், நீர்க்கட்டி தோன்றுதல் முதலியனவே எடுத்தற்குரிய காரணங்கள்.

சிகிச்சை நிகழுமாறு கூறுவோம். பல்லின் கிடக்கையையும், கீழ்த்தாடையினுள் ஓடும் நரம்பிற்கு வேர் எவ்வளவு அணித்தாயுள்ளது என்பதையும் முதலில் எக்ஸ்ரே படத்தால் அறிவர். பின்னர், மரத்துப்போகும் ஊசியிட்டு, ஈறைக் கீறி, மறைக்கும் எலும்பைச் சிறிது அராவி, வேண்டுமாயின் பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையலிடுவர்.

பின்விளைவுகளையும் மறைத்தல் தகாது. வீக்கம் 2, 3 நாள் வரை மிகுந்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் வடியும். குழியில் உறைந்த இரத்தம் கரைந்துபோயின், சில நாளிற் கடுநோவு எழும்; புகை பிடிப்போர்க்கு இத்துன்பம் மிகுதி. நரம்பு தாக்குண்டால் கீழுதடோ நாவோ மரத்திருக்கும். பெரும்பாலார்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு மீளும். மிகச் சிலர்க்கு மீளாமலும் போகும். ஆதலின் வேர் நரம்பை ஒட்டியிருப்பின், பல்லின் தலைப்பகுதியை மட்டும் நீக்கி வேரை விட்டுவைத்தலும் உண்டு.

பழைய மாணவர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அறிந்திருந்த இராஜாஜி அரசு மருத்துவமனையும், கீழவெளி வீதியிற் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரியும் மதுரையிலேயே உள்ளன. முதல் வீக்கம் கண்டபொழுதே வைத்தியரிடம் சென்று, இப்பல் எடுக்கவேண்டியதா, விட்டுவைக்கத் தக்கதா என்று கேட்டறிக. அவ்வினாவைக் காலத்தே கேட்பதே ஞானமாம்.