அத்தையும் ஒரு 'ஆன்ட்டி'யா?

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை திருச்சியிலிருந்து டில்லிக்கு வந்திருந்தாள். ஐந்து வயதான என் மகன் அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டான். பக்கத்து வீட்டம்மாவும் ஆன்ட்டி, பள்ளி வேனில் வருபவரும் ஆன்ட்டி, சொந்த அத்தையும் ஆன்ட்டி! அவள் சிரித்துச் சமாளித்தாலும் முகம் வாடியதைக் கவனித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், எதிர்வீட்டுப் பஞ்சாபிச் சிறுவன் அப்பாவின் சகோதரியை 'பூவா' என்றும், அம்மாவின் சகோதரியை 'மாஸி' என்றும் சரியாகவே அழைக்கிறான். அவனுடைய உறவினர்கள் அடிக்கடி வந்து போகிறார்கள். நம் அத்தையும் சித்தப்பாவும் ஊரில் இருக்கிறார்கள். கூப்பிட ஆளில்லாத சொல் குழந்தையின் நாவில் எப்படித் தங்கும்?

இந்தக் குறையை ஓரளவு தீர்க்கப் படப் புத்தகங்கள் உதவும். பக்கம் நிறையப் படம், அடியில் இரண்டே வரி. குழந்தைக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. "இது யார்? என்ன செய்கிறாள்?" என்று அது கேட்கும், நாம் தமிழில் பதில் சொன்னால் போதும்.

டில்லியில் 1957-ல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் நூல்களைக் குறைந்த விலையில் வெளியிடுகிறது. சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்களையும் தருகிறது. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இவை பெரிய வசதி. ஆங்கில வரியைப் பார்த்துக்கொண்டு கதையைத் தமிழில் சொல்லலாம். அம்மாவின் புடவையை வைத்து விளையாடும் குழந்தையைப் பற்றி சந்தியா ராவ் எழுதி, நீனா சப்னானி படம் வரைந்த தூலிகா புத்தகம் ஒன்று உண்டு. எந்த வீட்டுக் குழந்தைக்கும் அது தன் கதையாகவே தோன்றும்.

ஆனால் கடையில் வாங்கும் புத்தகத்தில் நம் வீட்டு அத்தை இருக்க மாட்டாளே! அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பழைய புகைப்படங்களை ஒட்டி, "இது அத்தை. அப்பாவின் தங்கை. வீட்டு வாசலில் வேப்பமரம் இருக்கிறது" என்று எழுதினோம். ஒரு மாதம் தினமும் இரவில் அதைப் புரட்டினோம்.

போன வாரம் தொலைபேசியில் மகன் கேட்டான்: "அத்தை, உங்க வேப்பமரத்துல ஊஞ்சல் கட்டலாமா?" மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

ஒரு நோட்டு, கொஞ்சம் பசை, பத்துப் புகைப்படங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் தொடங்கிப் பாருங்களேன்!