அடிக்காத அலாரம்!

சினிமாவில் அப்பா கேரக்டருக்கு ஹார்ட் அட்டாக் வந்தால் என்ன செய்வார்? இடது பக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி ரெண்டு நிமிஷம் வசனம் பேசுவார். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. காலையிலிருந்தே குப்பென்று வேர்வை. லேசாக மூச்சு வாங்கியது. "கேஸ்தான்யா!" என்று கோலி சோடா ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, மார்ச் மாதக் கணக்கை டாலி பண்ணிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், நேராக ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிட்டார்.

பிழைத்துவிட்டார் ஸார். "நெஞ்சு வலிக்கவே இல்லையே டாக்டர்?" என்றவரிடம் டாக்டர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"ஷுகர் எத்தனை வருஷமா?"

பதினாலு!

வருஷக்கணக்காகக் கட்டுப்பாடு இல்லாத ஷுகர், காலை மட்டும் மரத்துப்போக வைப்பதில்லை. நம்மைக் கேட்காமல் இதயத்தை நடத்துகிற நரம்புகளையும் அரிக்கிறது. வலியை மூளைக்குச் சொல்லும் லைனும் பழுதாகலாம். அட்டாக் வரும், மணி அடிக்காது.

பெரும்பாலும் முதல் அடி 'வேகஸ்' நரம்புக்கு. இதயத்தின் பிரேக் அதுதான். பிரேக் தேய்ந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100ஐத் தாண்டும். இன்னும் முற்றினால் மாடி ஏறினாலும் சரி, படுத்தாலும் சரி, ஏறக்குறைய ஒரே வேகம். 'கடிகாரம் மாதிரித் துடிக்குதே' என்று பெருமைப்பட வேண்டாம். நல்ல இதயம் மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் ஓடும்; விடும்போது நடக்கும்.

1970களில் எடின்பரோவில் டாக்டர் டேவிட் யூயிங்கும் சகாக்களும் இதை வைத்தே சோதனைகள் செய்தார்கள். ஈ.சி.ஜி.யை மாட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு 6 தடவை ஆழமாக மூச்சு விட வேண்டும். நாடியின் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் வித்தியாசம் 15க்கு மேல் என்றால் நிம்மதி. 10க்குள் என்றால் சந்தேகம். வயசானால் இந்த வித்தியாசம் தானாகவே குறையும் என்பதால், கணக்கை டாக்டர் முடிக்கட்டும், நாம் வேண்டாம்.

இன்னொரு சோதனை இன்னும் மலிவு. படுக்க வைத்து பி.பி. பார்ப்பது, எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்ப்பது. மேல் நம்பர் 20 இறங்கினால் விசாரிக்க வேண்டும். நான் போன செக்கப்புகளில் எல்லாம் உட்கார வைத்துத்தான் பி.பி. பார்த்தார்கள். எழுந்து நிற்கச் சொல்ல என்ன செலவாம்?

நெடுநாள் ஷுகர்காரருக்குத் திடீர் வேர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், காரணமில்லாத அசதி என்றால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி, ஈ.சி.ஜி. ஆபரேஷன் என்று போனாலும், இந்த நரம்புச் சமாச்சாரத்தை மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் பி.பி. எக்குத்தப்பாக இறங்கினால் சமாளிக்க வேண்டியவர் அவர்தானே!